கூடத்துக்கு ஒரு ரிசீவர்

சென்ற இதழில் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கூடத்துக்கு வந்திருக்கிறேன். ஹோம் தியேட்டர் ரிசீவர்! "அது ஆம்பளைங்க சமாசாரமாச்சே, உனக்கு எதுக்கு?" என்கிறீர்களா? சீட்டுப் பணத்தில் கை வைக்கிற எதுவும் நம் சமாசாரம்தான், சகோதரிகளே.

எங்கள் வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் உண்டு. என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் தன் முதல் போனஸில் வாங்கியது. நல்ல கனமான மரப் பெட்டி. மூன்று முறை வீடு மாறினோம். ஒரு முறைகூட அதை லாரியில் ஏற்ற விடவில்லை. ஆட்டோவில் தன்னோடுதான் கொண்டு வந்தார். அந்த ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற பெட்டிதான் ரிசீவர். அது போன ஆடி மாதம் புகைந்து போனது.

அதன் பிறகு டிவியின் சொந்தச் சத்தம்தான். இப்போது வருகிற டிவி எல்லாம் அப்பளம் மாதிரி மெல்லிசு. உள்ளே இருக்கிற ஸ்பீக்கரும் சின்னது. பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். பாட்டு கேட்கும், பேச்சு தெளியாது.

என் மாமியாருக்கு வயது 74. ஒரு நாள் படம் பாதியில் எழுந்து, "எனக்குத் தூக்கம் வருது" என்று உள்ளே போய்விட்டார். மணி ஏழரை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பின்னாலேயே போய், "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"சத்தம் கேக்குதும்மா. என்ன பேசறாங்கன்னுதான் புரியல. நீங்கல்லாம் சிரிக்கறப்ப நானும் சேந்து சிரிக்கிறேன். எத்தனை நாளைக்கு அப்படிச் சிரிக்கறது?"

எனக்குத் தொண்டையை அடைத்தது.

முதலில் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வயதானால் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் குறையுமாம். 'ச', 'ஸ்' மாதிரி எழுத்துகள் நழுவிப் போகும். அதனால் சத்தத்தை மட்டும் கூட்டினால் போதாது, பேச்சு தெளிவாக வர வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் காது மெஷின் வைக்கிற அளவுக்கு இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அடுத்தது கடை. 85 ஆயிரம் ரூபாய்க்கு ஒன்பது சானல் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். "நல்ல ஸ்பீக்கருக்கு மட்டமான பெட்டி போட்டா ஸ்பீக்கரே பாழாயிடும் சார்" என்றார் கடைக்காரர். இவர் முகம் மலர்ந்துவிட்டது. கையில் இருந்ததோ சீட்டு எடுத்த 60 ஆயிரம். அதில் 25 ஆயிரம் பெண்ணின் செமஸ்டர் கட்டணம். "மிச்சம் 35க்குள் வாங்கினால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை!

தெருமுனையில் முப்பது வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். "தங்கச்சி, வாட்ஸைப் பாக்காதீங்க. முதல்ல ஸ்பீக்கர் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்தேன். 8 ஓம், 88 டெசிபல். "அப்ப கவலையே இல்ல" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். 88 டெசிபல் என்றால், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல்தான். நம் கூடத்துக்குச் சில வாட்களே தாராளம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி வேண்டும். அப்படியிருக்க, 70 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அதற்காகவா 50 ஆயிரம் அதிகம் கொடுப்பது?

ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்தைத் தடுக்கிற அளவு. 8 ஓம் என்றால் ரிசீவருக்குச் சுமை குறைவு. 4 ஓம் என்றால் இரட்டிப்பு மின்சாரம் இழுக்கும், சாதாரணப் பெட்டி சூடாகித் திணறும். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றாலோ, 84 டெசிபலுக்குக் கீழே என்றாலோ, கூடம் ரொம்பப் பெரிது என்றாலோ கொஞ்சம் கூடச் செலவழித்துத்தான் ஆக வேண்டும்.

கடைக்குப் போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. அட்டையில் உள்ள வாட்ஸை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சானலை மட்டும் ஓட்டி, சத்தம் கரகரக்கும் அளவுக்கு ஏற்றி அளந்த கணக்காக இருக்கலாம். "இரண்டு சானல் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அதுதான் நிஜம்.

2. 5.1 சானல் போதும். மிச்ச ஸ்பீக்கரை எங்கே வைப்பது, தலையிலா?

3. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். அதன் சத்தத்தைத் தனியாகக் கூட்டும் வசதியும், ராத்திரியில் வெடிச் சத்தத்தை அடக்கிப் பேச்சைத் தூக்கும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. சின்ன மைக் ஒன்று கூட வருகிறதா? நாம் உட்காருகிற இடத்தில் அதை வைத்தால் ரிசீவரே அளந்து சரிசெய்து கொள்ளும்.

5. ரிசீவரிலும் டிவியிலும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், டிவியின் சத்தம் ஒரே ஒயரில் வந்துவிடும்.

6. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டு வருவதானால் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230. அப்படியே செருகினால் அன்றே புகை!

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும். ஒயரின் சிவப்பும் கறுப்பும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி மாட்டப்பட வேண்டும். ஒன்று மாறினாலும் சத்தம் வெற்றாக ஒலிக்கும். கம்பிப் பிசிறு ஒன்றோடொன்று தொடக் கூடாது.

பெட்டியின் மேல் துணி போடாதீர்கள். பழைய ரிசீவர் ஏன் புகைந்தது என்கிறீர்கள்? நான் ஆசையாகப் பின்னிப் போட்ட குரோஷா விரிப்புதான்! காற்றுத் துளையெல்லாம் அடைத்துவிட்டது. இவர் அதை இன்றுவரை சொல்லிக் காட்டவில்லை. அதற்காகவே இவருக்கு ஒரு கும்பிடு.

குழந்தை இருக்கிற வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் தொட்டிலைக் கட்டாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80, குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியில் 28 ஆயிரத்துக்கு ரிசீவர், 7 ஆயிரத்துக்கு நடு ஸ்பீக்கர். பெண்ணின் கட்டணம் பத்திரம். முதல் நாள் நடு ஸ்பீக்கரை இரண்டு படி கூட்டி வைத்து, "அத்தை, வாங்க" என்று கூப்பிட்டேன். அரைமனதாக வந்து உட்கார்ந்தார்.

பழைய நகைச்சுவைப் படம் ஒன்று ஓடியது. நாங்கள் சிரிப்பதற்கு முன்னாலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தைதான்!