விடுமுறைப் பணமும் வழக்குச் செலவும்

பிரிட்டனில் பணிபுரியும் பிள்ளைகளை உடைய பெற்றோர் இதனை அவர்களுக்கு எழுதுவது நலம். அந்நாட்டில் ஆண்டுக்கு 5.6 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை தொழிலாளரின் உரிமை. வேலையை விட்டு விலகுவோருக்கு, எஞ்சிய விடுமுறைக்குரிய பணத்தையும் முதலாளி கொடுத்தே தீரவேண்டும். கொடாவிடில் தொழில் தீர்ப்பாயத்தை நாடலாம்.

பிற நீதிமன்றங்களில் தோற்றவர் செலவுத்தொகை தருவது வழக்கம். தொழில் தீர்ப்பாயத்திலோ பெரும்பாலும் வென்றவரும் தம் செலவைத் தாமே ஏற்கவேண்டும். எதிர்த்தரப்பு நியாயமின்றி நடந்திருந்தாலோ, வெற்றிக்கு வாய்ப்பே அற்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ செலவுக்கு ஆணை பிறக்கலாம், அதுவும் அரிது. அறுநூறு பவுண்டுக்கு வழக்காடி, ஆயிரத்தை வழக்கறிஞரிடம் கொடுத்து வருவதில் என்ன இலாபம்?

இவ்விதியை முற்றும் பழிக்கவும் இயலவில்லை. தோற்றால் முதலாளியின் செலவும் தம் தலையில் விழும் என்றால், ஏழைகள் படியேறத் துணியார். 2013இல் அரசு, விசாரணைவரை செல்லும் எளிய வழக்குக்கே 390 பவுண்டு கட்டணம் விதித்தது. வழக்குகள் பெரிதும் குறைந்தன. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் அக்கட்டணத்தைச் சட்டவிரோதமென நீக்கிற்று.

ஆகவே முதலில் முதலாளிக்கு எழுதிக் கேட்பதும், பின்னர் ஏகாஸ் என்னும் இணக்க அமைப்பை அணுகுவதும் முறை. அது கட்டணம் வாங்குவதில்லை. முதலாளி வீணே இழுத்தடித்தால் அவர் கடிதங்களைப் பத்திரப்படுத்துக. செலவுத்தொகை கேட்கும் நாளில் அவையே சான்று.