எழுத்தாளர் வகுப்பறைக்கு வரும் நாள்

எழுதுபவர் தனிமையில் எழுதுகிறார். படிக்கும் குழந்தையும் தனிமையில் படிக்கிறது. இவ்விருவரும் நேருக்கு நேர் அமர்ந்து உரையாடத்தக்க இடம் பள்ளிக்கூடம். சிறார் எழுத்தாளர் ஒருவருக்கு விருதைக் காட்டிலும் மிகுந்த மகிழ்ச்சி தருவது இச்சந்திப்பே என்பது என் கருத்து.

பெரியவர்கள் ஒரு நூலைப் பற்றிப் பேசும்போது முகத்தாட்சணியம் குறுக்கிடும். குழந்தைகளுக்கு அது இல்லை. கதை சலித்தால் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், பிடித்தால், "அந்த முயல் பிறகு எங்கே போயிற்று?" என்று கேட்பார்கள். கதை முடிந்துவிட்டது என எண்ணியிருந்தவரை மீண்டும் எழுத அமரச் செய்யும் வினா அது.

குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) புதுக்கோட்டைப் பகுதியின் இராயவரத்தில் பிறந்தவர். வங்கிப் பணியில் இருந்துகொண்டே சிறுவர்க்குப் பாடல்கள் இயற்றிய அவர், 1950ஆம் ஆண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். சிறுவர்க்கு எழுதுவது ஓய்வுநேர விளையாட்டு அன்று, அது தனித்துறை என்பதை அவர்தம் வாழ்வு நிறுவியது. சாகித்திய அகாதெமியும் 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் விருதை வழங்கி வருகிறது. 2020இல் இவ்விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள் எதிர்கொள்ளும் தவறான தொடுதலைப் பேசுகிறது. வீட்டில் கேட்கத் தயங்கும் வினாவை எழுதியவரிடமே கேட்கும் வாய்ப்பு, ஒரு குழந்தைக்கு எத்துணைப் பெரிய துணை!

ஆயினும் இவ்வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டுவதில்லை. தென்பெண்ணைக் கரையில் உள்ள மணலூர்பேட்டையில், தை ஐந்தாம் நாள் தீர்த்தவாரிக்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அவ்வூர்ப் பள்ளிக்கு எழுத்தாளர் ஒருவர் வரும் நாளும் ஒரு திருவிழாவாக வேண்டாவா? கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு இத்தேவை இன்னும் மிகுதி. சாமை விளையும் சரிவுகளையும் கடுக்காய் மரங்களையும் அறிந்த பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். நகரத்து எழுத்தாளர் அறியாத கதைகள் அவர்களிடம் உண்டு. அங்குச் செல்பவர் கொடுப்பதற்கு மட்டுமன்றிப் பெறுவதற்கும் செல்கிறார்.

ஒரு நாள் வருகையால் என்ன விளையும் என்று சிலர் வினவலாம். பொன்னாடை, வரவேற்புரை, நிழற்படம் என்று முடிந்தால் ஒன்றும் விளையாது. வருபவரின் நூல் ஒரு திங்களுக்கு முன்பே மாணவர் கைகளில் தவழ வேண்டும். மேடைப் பேச்சு குறைந்து வினாக்கள் பெருக வேண்டும். அவர் சென்ற பின்னர் மாணவர்கள் தாமே எழுதத் தொடங்க வேண்டும். பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய இதழ்கள் அவ்வெழுத்துக்கு ஏற்ற களங்கள்.

நூலை எழுதியவர் நம்மைப் போல் வியர்ப்பவர், அடித்துத் திருத்துபவர் என்று கண்ட குழந்தை, 'நானும் எழுதலாம்' என்று துணிகிறது. அத்துணிவே இவ்வருகையின் பயன்.

மாணவர்களே, நீங்கள் சிறார் நூல்களைக் கடந்து வந்துவிட்டதாக எண்ணலாம். உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ நீங்களே மூத்தோர். எழுத்தாளர் வரும்வரை காத்திராமல், ஒரு கதை நூலுடன் அவர்களிடம் செல்லுங்கள். நீங்கள் படித்து முடித்ததும் எழும் முதல் வினாவிலேயே இம்மகிழ்ச்சியை உணர்வீர்கள்.