முன்கதை தீர்ப்பாகுமா?

குற்றவாளிக்கு ஒரு முன்கதை உண்டு என்று அறிந்தவுடன் நம் உள்ளம் இளகிவிடுகிறது. இளகுவது தவறன்று, இரக்கம் கிறிஸ்தவனுக்கு அழகு. ஆனால், இளகிய உள்ளம் அடுத்த நொடியே தீர்ப்பும் எழுதிவிடுகிறது: 'அவன் நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.' இந்த ஒரு வாக்கியத்தையே நாம் இங்கு எதிர்க்கிறோம். நரகமும் காவல்துறையும் ஒன்றாய்க் கலந்த இரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

1998 அக்டோபரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 13 அத்தியாயங்களோடு 1999-இல் நின்றுபோனது 'பிரிம்ஸ்டோன்'. அதன் நாயகன் எசேக்கியேல் ஸ்டோன், நியூயார்க் காவல்துறையின் துப்பறிவாளன். அவன் மனைவி ரோசலின் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அக்கொடுமையைச் செய்தவனோ தண்டனையின்றி வெளியே வந்துவிடுகிறான். ஸ்டோன் அவனைக் கொல்கிறான். இரண்டு மாதங்களில், 1983-இல், ஸ்டோனும் கொல்லப்பட்டு நரகம் சேர்கிறான். 15 ஆண்டுகளுக்குப் பின் 113 ஆன்மாக்கள் நரகிலிருந்து தப்பியோடுகின்றன. அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பினால் மண்ணில் மீண்டும் வாழலாம் என்று அலகை அவனோடு உடன்படிக்கை செய்கிறது. தப்பியோரின் பெயர்கள் அவன் உடலில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவன் திரும்பிச் செல்லும்போது ஒரு பெயர் மறைகிறது.

இத்தகைய தொடர்களைக் கத்தோலிக்கர் காண்பதே தகாது என்பர் சிலர். 2016-இல் 'லூசிஃபர்' என்னும் தொடர் வெளிவருமுன்பே, அதை நிறுத்தக் கோரி அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று கையெழுத்து இயக்கம் நடத்தியது. அலகை அதில் காவல்துறைக்குத் துணைபுரியும் அழகனாக உலவுகிறது. நரகிலிருந்து மீட்சி இல்லை என்னும் திருச்சபையின் போதனையை இத்தொடர்கள் மீறுகின்றன என்பதும் மெய்யே. ஆயினும், கொம்பையும் வாலையும் கண்டு அஞ்சுவோர், கதை நம் மனச்சான்றுக்குக் கற்பிக்கும் பாடத்தைக் காணாது விட்டுவிடுகின்றனர். நாம் அஞ்ச வேண்டியது அந்தப் பாடத்துக்கே.

ஸ்டோனின் கதையைக் காண்போர் மனத்தில் ஒரு கேள்வி எழும்: இவன் ஏன் நரகம் போனான்? மனைவிக்கு நேர்ந்த கொடுமை, சட்டத்தின் தோல்வி, கணவனின் வேதனை ஆகியவை கணக்கில் வாராவா? வரும். 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மனிதச் செயலை மூன்று கூறுகளால் அளக்கச் சொல்கிறது: செய்யப்பட்ட செயல், செய்தவரின் நோக்கம், சூழ்நிலை. சூழ்நிலை ஒருவரது பொறுப்பைக் குறைக்கலாம், கூட்டலாம். தன்னிலே தீய செயலை நல்லதாக்கும் ஆற்றல் மட்டும் அதற்கு இல்லை.

இந்த அளவில் 'பிரிம்ஸ்டோன்' நேர்மையான படைப்பு. ஸ்டோனுக்காக நாம் இரங்குமாறு செய்கிறது. அவன் செய்தது கொலை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால், ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலாது. ரோசலினின் துயரம் கணவனின் முன்கதையாகச் சுருங்கிவிடுகிறது. துன்புற்றவள் அவள்; கதை பெற்றவன் அவன். அவளுக்கு வேண்டிய நீதி எது என்னும் கேள்வி கதையின் மையத்துக்கு வருவதேயில்லை.

'லூசிஃபர்' இன்னும் ஒரு படி இறங்குகிறது. 2016 முதல் 2021 வரை ஆறு பருவங்கள் ஓடிய இத்தொடரில், லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவாளன் டான் எஸ்பினோசா, சக காவலன் ஒருவனைச் சுட்டது தானே என்பதை மறைக்கிறான். அவ்வழக்கின் உண்மையைத் தேடிய அவன் மனைவி குளோயி, சக காவலரால் ஒதுக்கப்படுகிறாள். பின்னர் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வது பாராட்டத்தக்கதே. ஆனால், இத்தொடரின் நரகத்துக்கு மனிதரை அனுப்புவது அவரவர் குற்ற உணர்வே. வேறு தீர்ப்பு கிடையாது. இறந்தபின் நரகம் சென்ற டான், பிறகு மண்ணுலகில் அலைந்து, தன் மகளோடு பேசி மனம் ஆறியதும் விண்ணகம் ஏறுகிறான். குற்ற உணர்வு அடங்கினால் குற்றமும் அடங்கிவிடுமா? தீங்கிழைக்கப்பட்டவர் இக்கணக்கில் எங்கே? திருடிய பொருளைத் திருப்பித் தராமல் 'நெஞ்சு இலேசாகிவிட்டது' என்று சொல்பவனுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் என்ன சொல்வார் என்பதை நாம் அறிவோம்.

கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, பாலியல் வன்முறை, கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். மக்கள் அக்காவலர்மீது மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்தோடே காவலர் சுட்டனர் என்றும், 10 காவலர்மீது கொலை வழக்கு நடத்தப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. அந்நால்வரும் குற்றவாளிகள்தாமா என்று விசாரித்துச் சொல்ல இனி எந்த நீதிமன்றத்துக்கும் வாய்ப்பில்லை. ஸ்டோனுக்காக நம் வீட்டுக் கூடத்தில் சொல்லிப் பழகும் அதே வாக்கியம்தான் அன்று வீதியில் மலராய் விழுந்தது.

சட்டம் தவறினால் என் செய்வது என்று கேட்பர். நியாயமான கேள்வி. பாதிக்கப்பட்ட பெண்ணோடு நின்று, சாட்சிகளுக்குத் துணையாகி, மேல்முறையீடு வரை தளராமல் நடப்பது நீண்ட வழி, கைதட்டலும் கிடைக்காது. ஆனால், அவ்வழியில்தான் அவளுடைய குரல் கேட்கப்படுகிறது. பழிவாங்கும் கொலை அவளுடைய வழக்கை என்றென்றைக்குமாக மூடிவிடுகிறது.

தாவீதுக்கு இல்லாத முன்கதையா? ஆடு மேய்த்த சிறுவர், சவுலால் துரத்தப்பட்டவர், ஆண்டவரால் தேர்ந்துகொள்ளப்பட்டவர். ஆயினும், உரியாவைப் போர்முனையில் சாகவிட்டபோது, நாத்தான் அந்த முன்கதையை நினைவூட்டினாரே அன்றி, அதைச் சாக்காக ஏற்கவில்லை. செய்த பாவத்தைச் சொன்னார். தாவீது மனம் வருந்தினார், மன்னிப்பும் பெற்றார். எனினும், மத்தேயு தரும் இயேசுவின் மூதாதையர் பட்டியலில், சாலமோனின் தாய் உரியாவின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். மன்னிக்கப்பட்ட அரசரின் பெயருக்கு அருகிலேயே, கொல்லப்பட்ட வீரரின் பெயரும் நிற்கிறது.

இத்தொடர்களைக் காண்போர் காணட்டும், குற்றவாளிக்காக இரங்கட்டும். இரங்கிய கையோடு, 'உரியா எங்கே?' என்றும் கேட்கட்டும்.