நலம் ஒன்று, ஊர் இரண்டு

மனிதர் நலம், கால்நடை நலம், சுற்றுச்சூழல் நலம் மூன்றும் ஒன்றுதான் என்று ஆட்சியாளர்கள் இப்போது பேசுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு வந்த ஞானம். 2022-இல் நாக்பூரில் இதற்கென்று தேசிய நிறுவனம் ஒன்றுக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். நல்லது. நமக்கு ஒரு கேள்வி இருக்கு. மனிதனும் விலங்கும் சேறும் சந்திக்கிற இடத்தில் காலங்காலமாக நிறுத்தப்பட்ட சனம் எது?

பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்க. கல்லணைக் கால்வாய்த் தண்ணி பாயும் வயலில் சேத்துல நின்னு நடவு நடுறது பெரும்பாலும் சேரிப் பெண்கள். செத்த மாட்டை இழுத்துப் புதைக்கணும்னா ஊர் தேடுறது சேரி ஆளைத்தான். எலி பெருத்தா கிட்டி வைத்துப் பிடித்து வெறுங்கையால் எடுப்பதும் கூலிச் சனம்தான்.

எலிக்காய்ச்சலை எடுத்துக்குவோம். எலி, மாடு, பன்றி, நாய் மூத்திரத்தில் வெளியேறும் கிருமி சேற்றுத் தண்ணீரில் உயிரோடு கிடக்கும். சேற்றுப்புண் வழியே உடம்புக்குள் போகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, சாவு. ஆரம்பத்திலேயே கண்டால் மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் துப்புரவில் இறங்கியவர்களுக்கு அதை முன்கூட்டியே கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் நம்ம பகுதியைப் புரட்டிப் போட்டது. தென்னை சாய்ந்தது, ஆடுமாடு செத்தது. வெளி மாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்களையும் கொண்டுவந்து அள்ள வைத்தார்கள். அவங்க என்ன சாதின்னு கேக்கணுமா?

2016-இல் குஜராத் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். 'இனி அள்ள மாட்டோம்' என்று மக்கள் கையை உதறினார்கள். சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் மாட்டுப் பிணங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவரை சேரிக்கு மட்டும் அடித்த நாத்தம் அன்றைக்குத்தான் அரசாங்கத்துக்கும் அடித்தது. சாதி சுமத்திய வேலைதான் இந்த நாட்டின் சுகாதாரத் திட்டமாக இருந்திருக்கிறது.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி இருக்கு. மாட்டுக்கு என்ன நோய் என்று அங்கே தெரிந்தால், அந்த மாட்டைக் கழுவுகிறவள் காய்ச்சலோடு போகும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே சேதி போகணும். இணைப்பு என்றால் இதுதான்; டெல்லியில் போடும் கூட்டம் அல்ல.

நாம் கேட்பது இதுதான். நடவுக் காலத்தில் சேரிக்கே வந்து இலவசப் பரிசோதனையும் மாத்திரையும் கொடு. செத்த கால்நடையை அகற்ற ஊராட்சி எந்திரம் வைக்கட்டும். எந்தச் சாதியையும் கூப்பிடாதே. வயலிலும் சாக்கடையிலும் வரும் காய்ச்சலுக்குத் தொழில்நோய் இழப்பீடு கொடு. முதலாளி யாரென்று காட்ட முடியாத கூலிக்காரிக்கு அரசே பொறுப்பு.

அடுத்த கொள்ளைநோய் எங்கே முளைக்கும் என்று தேடுகிறவர்கள் முதலில் சேரிக்கு வரட்டும். கொள்கை எழுதும் மேசையில் எங்க ஆளுக்கும் நாற்காலி போடட்டும்.