குளிசையும் பொறுமையும்

எமது கையெழுத்தை வாசிக்க இயலவில்லை என்று, அதனைத் தட்டச்சுச் செய்யும் தம்பி இருமுறை திருப்பி அனுப்பியதை வாசகர்கள் அறியார். முதுமையின் குறி என்றே நாமும் எண்ணியிருந்தோம். வயிறார உண்டும் உடல் மெலிந்தது. மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. சாய்மனைக் கதிரையில் வாளாவிருந்தபோதும், ஓடி வந்தவனது நெஞ்சைப் போல எம் நெஞ்சு அடித்தது. ஒருநாள் பேரப்பிள்ளை தண்ணீர்க் குவளையைத் தவறவிட்டதற்காக, அவனை அடிக்கக் கையோங்கிவிட்டோம். அன்றுதொட்டு அவன் எம்மருகே வர அஞ்சினான். அதுவே எம்மை வைத்தியரிடம் செலுத்தியது.

இரத்தப் பரிசோதனை உண்மையை உரைத்தது. கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்துகொண்டிருந்தது. உடலின் தொழில்கள் எவ்வேகத்தில் நடைபெறல் வேண்டும் என்பதை விதிப்பது அச்சுரப்பியின் தைரொட்சின் என்னும் பொருள். அது மிகுந்தால் இதயமும் குடலும் மனமும் ஒருங்கே விரைகின்றன. இந்நோயின் முதன்மையான வகையை டப்ளின் நகரத்து வைத்தியர் றொபேட் கிறேவ்ஸ் 1835 ஆம் ஆண்டில் விவரித்தார். சுரப்பியின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தால் நோயாளர் பயனடைந்ததை அமெரிக்க வைத்தியர் எட்வின் அஸ்ட்வூட் 1943 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முன்னர் பெரிதும் நம்பப்பட்ட வழி சத்திரசிகிச்சையே. எமக்குக் கிடைத்த கார்பிமசோல் என்னும் குளிசை, அஸ்ட்வூட் தொடங்கிய அவ்வழியில் வந்ததே.

குளிசையை விழுங்கிய மறுநாளே நலம் வருமென்று காத்திருந்தோம். ஏழு நாள் கழிந்தும் நடுக்கம் நீங்கவில்லை. இம்மருந்து வீண் என்று துணிந்து, அதனை நிறுத்திவிடவும் எண்ணினோம்.

வைத்தியர் சினங்கொள்ளாது விளக்கினார். “நெல் ஆலையைப் பூட்டிவிட்டால் அன்றே ஊரில் அரிசி தீர்ந்துவிடுமா, ஐயா? களஞ்சியத்தில் இருப்பது செலவாக வேண்டாமா?” என்று கேட்டார். குளிசை தடுப்பது புதிய உற்பத்தியை மாத்திரமே. சுரப்பியில் முன்னரே சேர்ந்துள்ள இருப்பு தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். கலந்த தைரொட்சினும் பாதியளவாகக் குறைவதற்குச் சில நாட்கள் செல்லும். ஆதலால் இரண்டு மூன்று வாரங்களிலே குணம் தெரியத் தொடங்கும். இரத்த அளவு ஒழுங்குக்கு வர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம், சிலருக்கு அதனினும் நீளலாம். பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை குளிசையைத் தொடர நேரிடும். அதுவரை படபடப்பைத் தணிக்கப் புரொப்பிரனலோல் போன்ற மருந்தைக் கொடுப்பதுண்டு. தொய்வு நோயுள்ளோர் அதனை முன்னரே வைத்தியரிடம் கூறிவிடல் வேண்டும்.

பொறுமை வேறு, அசட்டை வேறு. குளிசை உண்ணும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை நோவோ வாய்ப்புண்ணோ கண்டால், குளிசையை நிறுத்தி அன்றே இரத்தத்தைப் பரிசோதித்தல் வேண்டும். இம்மருந்து மிகச் சிலருக்கு வெண்குருதிக் கலங்களைக் குறைத்து உயிருக்கே இடர் விளைத்துவிடும். கருவுற்ற பெண்களும் கருவுற எண்ணுவோரும் வைத்தியருக்கு அதனை அறிவித்தல் அவசியம்.

இந்நோய் ஆண்களிலும் பெண்களையே பன்மடங்கு பற்றுகின்றது. அடுக்களையில் எரிந்து விழும் தாயையும், பாடத்தில் மனங்கொள்ளாது தவிக்கும் மாணவியையும் குணங்கெட்டவர் என்று தீர்ப்பளிக்குமுன், அவர்தம் நாடியைத் தொட்டுப் பார்த்தல் நன்று. மருந்து தொடங்கிய பின்னரும் சினம் சில வாரங்கள் நீடிக்கும். காத்திருக்க வேண்டியவர் நோயாளர் மாத்திரமல்லர். வீட்டாரும் காத்திருத்தல் வேண்டும். எம் இல்லாள் அவ்வாறு காத்திருந்தார்.

இது ஐந்தாவது வாரம். நேற்று மாலை தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் ஏந்தினோம். அதனைக் கண்ட பேரப்பிள்ளை மெல்ல வந்து எம் கதிரையின் கைப்பிடியில் அமர்ந்தான். அன்று கையோங்கியது தவறென்று அவனிடம் கூறினோம். “கை இப்ப ஆடேல்லைத்தானே, அப்பப்பா?” என்று கேட்டான். சிறிது ஆடுகின்றது, ஆயினும் இக்கட்டுரை திரும்பி வராதென்றே நம்புகின்றோம்.