சட்டமா, பக்தியா?

1860-ம் வருஷத்திய இந்தியன் பீனல் கோடு விடைபெற்றுக்கொண்டு, அதன் ஸ்தானத்தில் ‘பாரதீய நியாய ஸம்ஹிதை’ 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. பழைய கோடில் 124-ஏ என்று ஒரு செக்ஷன் இருந்தது. நமது தேசபக்தர்களுக்கு அந்த எண் ஜன்ம நட்சத்திரத்தைப் போல மனப்பாடம். அதன் தலைப்பு ‘செடிஷன்’. தமிழில் அதை ராஜத்துரோகம் என்று சொல்லி வந்தோம். புதிய கோடில் அந்தத் தலைப்பு இல்லை. ராஜத்துரோகத்தை எடுத்துவிட்டுத் தேசத்துரோகத்தை வைத்திருக்கிறோம் என்று, மசோதாவைக் கொண்டுவந்த சர்க்கார் 2023 டிசம்பரில் பார்லிமெண்டில் விளக்கம் கூறிற்று.

வார்த்தை மாறினால் வஸ்து மாறிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். வக்கீலும் பத்திரிகைக்காரனும் தேசத் தொண்டனும் இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கேட்கலாகாது. ஒரு வார்த்தைக்கு ஒரு ஜட்ஜு செய்த வியாக்கியானம், ஒரு மனிதனைச் செக்கில் பூட்டியதை இந்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. ஆதலால் இந்தச் செக்ஷனைச் சுற்றி நின்ற சில இங்கிலீஷ் வார்த்தைகளின் குலம் கோத்திரத்தை விசாரிப்பது வீண்பொழுது ஆகாது. அவை இன்னும் நமது கோர்ட்டுகளிலும் மேடைகளிலும் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் ‘லாயல்’ என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். லத்தீன் பாஷையில் ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். சட்டத்தைச் சார்ந்தது ‘லெகாலிஸ்’. இந்த ஒரே சொல் இங்கிலீஷுக்கு இரண்டு பாதைகளில் வந்து சேர்ந்தது. ஏட்டிலிருந்து கல்விமான்கள் நேராக எடுத்தாண்ட உருவம் ‘லீகல்’. பிரெஞ்சு ஜனங்களின் நாவில் பல நூற்றாண்டு உருண்டு தேய்ந்து வந்த உருவம் ‘லாயல்’. நமது இலக்கணத்தில் தற்சமம், தற்பவம் என்று சொல்வார்கள் அல்லவா? ‘ஸ்நேஹம்’ என்ற வடசொல் சிநேகம் என்று ஓர் உருவிலும், நேயம் என்று மற்றோர் உருவிலும் தமிழில் வழங்குவதைப் போன்றதே இது.

இதே மாதிரி, ‘ரெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு அரசன் என்று அர்த்தம். அதிலிருந்து ஏட்டு வழியாக வந்தது ‘ரீகல்’. பிரெஞ்சு வழியாக வந்தது ‘ராயல்’. இந்த ‘ரெக்ஸ்’ நமக்கு அந்நியனல்ல. வடமொழியின் ‘ராஜன்’ அதற்குச் சகோதரன். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தாவில் எடுத்துரைத்த ஸர் வில்லியம் ஜோன்ஸ், அந்நகரின் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜாக இருந்தவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

ஆகவே, லாயல் என்பதும் லீகல் என்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவை. லாயலுக்கும் ராயலுக்கும் எதுகைப் பொருத்தம் உண்டே தவிர இரத்த சம்பந்தம் கிடையாது. லாயலாக இருப்பவன் ஆதியில் சட்டத்துக்கு உட்பட்டவன். ராஜாவுக்கு உட்பட்டவன் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ‘லெகாலிஸ் ஹோமோ’ என்று ஒருவனைச் சொன்னால், அவன் சட்டத்தின் பாதுகாப்பை இழக்காதவன், கோர்ட்டில் பிரமாணம் செய்ய யோக்கியதை உடையவன் என்று பொருள். அது பல்லக்குத் தூக்குவோனுக்கு இட்ட பெயரன்று. உரிமையுள்ள மனிதனுக்கு இட்ட பெயர்.

அரசனுக்கும் குடிக்கும் உள்ள பந்தத்துக்கு இங்கிலீஷில் வேறு சொல் இருக்கிறது. அதுதான் ‘அலீஜியன்ஸ்’. ஓசையைக் கேட்டு இதையும் ‘லெக்ஸ்’ குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. இது ‘லீஜ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலத்தைக் கொடுத்த பிரபுவுக்கும், அதைப் பெற்றுச் சேவகம் செய்த ஆளுக்கும் இடையே இருந்த கட்டைக் குறிப்பது. பிரிட்டிஷ் ஆட்சியார் இந்தியர்களிடம் உண்மையில் கேட்டது இந்த ஆண்டான் அடிமைப் பந்தத்தையே. கேட்கும்போது மட்டும் ‘லாயல்டி’ என்ற கௌரவமான சட்டப் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

நாம் அதைத் தமிழாக்கியபோது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். ராஜபக்தி என்றோம். பக்தி ஆண்டவனுக்குச் செலுத்துவது; அதில் கேள்வி இல்லை, கணக்கு இல்லை, கைம்மாறு கருதுதலும் இல்லை. சட்டத்துக்கோ கேள்வியும் கணக்கும்தான் உயிர். சட்டத்துக்கு அடங்கி நடப்பது என்ற சாதாரணப் பொருள், சந்நிதியில் விழுந்து கும்பிடுவதாக மாறிற்று. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இந்த விபரீதத்தால் நஷ்டமடைந்தவர்கள் குடிகள், லாபமடைந்தவர்கள் ஆள்வோர்.

இப்பொழுது செக்ஷனுக்கு வருவோம். மெக்காலே 1837-ல் தயாரித்த நகலில் இந்தக் குற்றம் இருந்தது. 1860-ல் நிறைவேறிய கோடில் அது இல்லை. 1870-ல் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதைப் புகுத்தினார். ‘சட்டத்தினால் ஸ்தாபிக்கப்பட்ட’ சர்க்காரின் மீது ‘டிஸ்அபெக்ஷனை’த் தூண்டுவது குற்றம் என்பது அதன் சாரம். ஆயினும் அதே செக்ஷனின் விளக்கக் குறிப்பு, சர்க்காரின் சட்டபூர்வமான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியும் மனப்பான்மையோடு அதன் நடவடிக்கைகளைக் கண்டிப்பது குற்றமாகாது என்றும் கூறிற்று. இதைக் கவனிக்க வேண்டும். 1870-ல் உரைகல் கீழ்ப்படிதல். அதாவது லாயல் என்ற சொல்லின் ஆதிப் பொருள்.

1897-ல் பம்பாயில் திலகர் மீது வழக்கு நடந்தபோது, ஜட்ஜு ஸ்டிரேச்சி ஜூரிகளிடம் ‘டிஸ்அபெக்ஷன்’ என்றால் ‘அபெக்ஷன்’ இல்லாமை என்று வியாக்கியானம் செய்தார். அன்பு இல்லாவிட்டால் குற்றம் என்றாயிற்று! திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. மறு வருஷமே சர்க்கார் செக்ஷனைத் திருத்தி, வெறுப்பையும் அவமதிப்பையும் சேர்த்து, டிஸ்அபெக்ஷன் என்பது ‘டிஸ்லாயல்டி’யையும் எல்லாவிதப் பகைமை உணர்ச்சிகளையும் உள்ளடக்கும் என்று எழுதிவைத்தார்கள். சட்டத்தின் வயிற்றில் பிறந்த சொல், சட்டப் புஸ்தகத்துக்குள்ளேயே அன்பின் அளவுகோலாக மாறிய சரித்திரம் இது.

விளைவு எல்லோரும் அறிந்ததே. 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் ஜட்ஜு பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர சிக்ஷையும், சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷமும் விதித்தார். பிள்ளையவர்களும் ஒரு வக்கீல். சட்டத்தின் வாசலில் ஜீவனம் நடத்திய அவரைச் சட்டத்தின் பெயராலேயே செக்கிழுக்க வைத்தார்கள். அதே மாதத்தில் திலகருக்கு ஆறு வருஷம், மாந்தளை வாசம். 1922 மார்ச் 18-ந் தேதி ஆமதாபாத்தில் மகாத்மா காந்தி ஜட்ஜு புரூம்பீல்டு முன் நின்றார். வழக்குக்கு ஆதாரமான கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பே லாயல்டியைக் கலைப்பது பற்றியது. அன்பைச் சட்டத்தினால் உண்டாக்கவும் முடியாது, சட்டத்துக்கு அடக்கவும் முடியாது என்று அவர் அங்கே எடுத்துரைத்தார். அவரும் பாரிஸ்டர் அல்லவா? ஸ்டிரேச்சியின் வியாக்கியானத்துக்கு அதைவிடச் சுருக்கமான மறுப்பை எந்த அப்பீல் கோர்ட்டும் எழுதியதில்லை.

இனி, ‘செடிஷன்’ என்ற சொல்லே என்ன சொல்கிறது? லத்தீனில் ‘ஸெ’ அல்லது ‘ஸெத்’ என்றால் விலகி; ‘இத்தியோ’ என்றால் போதல். ஆக, விலகிப் போதல் என்பதே அதன் பொருள். இதே ‘போதல்’ என்னும் தாதுவிலிருந்து பிறந்த இன்னொரு பிள்ளை ‘அம்பிஷன்’. ரோமாபுரியில் உத்தியோகத்துக்கு நின்றவர்கள் வோட்டுக் கேட்டுத் தெருத் தெருவாய்ச் சுற்றி வந்ததற்கு அந்தப் பெயர். சுற்றி வருகிறவனும் விலகிப் போகிறவனும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்தாம். ஒருவனுக்கு மாலையும் மற்றவனுக்கு விலங்கும் என்பது உலக வழக்கம்.

விலகிப் போதலுக்கு ரோமர்களிடம் மற்றொரு சொல்லும் இருந்தது, அது ‘ஸெஸெஷன்’. அதிலும் அதே ‘ஸெ’ இருக்கிறது. ரோமாபுரியின் சரித்திர மரபில் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வரலாறு உண்டு. கி. மு. 494-ல் கடன் கொடுமை தாங்காத ஏழை ஜனங்கள், பிரபுக்களின் மீது கை ஓங்காமல், நகரத்தைவிட்டு வெளியேறி ஒரு மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வேலைக்கும் ஆள் இல்லை, படைக்கும் ஆள் இல்லை. பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். ஜனங்களின் உரிமையைக் காக்க ‘டிரிபியூன்’ என்ற அதிகாரிகள் ஏற்பட்டார்கள். ஒத்துழையாமை என்ற தர்மத்தின் வல்லமையை அறிந்த நம்மவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விலகி நிற்பது நாட்டைக் கெடுப்பதாகாது. சில சமயம் நாட்டைத் திருத்துவதற்கு வேறு வழியும் இராது.

துரோகம் என்ற கடுமையான சொல்லுக்கு உரியது ‘டிரீஸன்’. அதன் கதை இன்னும் விநோதமானது. ‘திராதித்தியோ’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கையில் ஒப்படைத்தல் என்று பொருள். அதில் உள்ள ‘தாரே’ என்ற கொடுத்தல் தாது, நமது தானம் என்ற சொல்லின் தாதுவோடு ஒன்று. ஏட்டு வழியாக வந்தபோது அது ‘டிரடிஷன்’ ஆயிற்று. அதாவது தந்தை மகனிடம் ஒப்படைக்கும் மரபு. பிரெஞ்சு வழியாக வந்தபோது ‘டிரீஸன்’ ஆயிற்று. அதாவது தன்னவரை எதிரியிடம் ஒப்படைக்கும் துரோகம். கி. பி. 303-ல் ரோமச் சக்கரவர்த்தி டயோகிளீஷியன் கிறிஸ்தவர்களை ஹிம்சித்தபோது, தங்கள் வேத புஸ்தகங்களை அதிகாரிகளின் கையில் கொடுத்துவிட்டவர்களை மற்றவர்கள் ‘திராதித்தோர்’ என்று அழைத்தார்கள். இங்கிலீஷின் ‘டிரெய்ட்டர்’ அச்சொல்லின் வழிவந்ததே. யாரிடம் ஒப்படைக்கிறாய் என்பதைப் பொறுத்து ஒரே செயல் மரபாகவும் துரோகமாகவும் ஆகிறது.

இங்கிலீஷ்காரர்கள் இந்த இரண்டு குற்றங்களையும் குழப்பவில்லை. மூன்றாம் எட்வர்டின் 1351-ம் வருஷத்துச் சட்டம் டிரீஸன் இன்னதென்று வரம்பு கட்டியது: அரசனைக் கொல்ல எண்ணுதல், அவன்மேல் யுத்தம் தொடுத்தல், அவன் பகைவரோடு சேருதல் முதலியன. அதற்கும் வெளிப்படையான செயலைக் கொண்டு ருஜுப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. செடிஷன் அதனினும் கீழ்ப்பட்ட தனிக் குற்றம். நாமோ இரண்டின் தலையிலும் துரோகம் என்ற ஒரே தொப்பியைக் கவிழ்த்தோம். ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையும், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட செயலும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றன.

சுதந்திரத்துக்குப் பின்னும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. 1942-ல் பெடரல் கோர்ட்டு, பொது அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதே இக்குற்றத்தின் உயிர்நிலை என்றது. 1947-ல் பிரிவி கவுன்ஸில் அதை மறுத்தது. செடிஷன் என்ற சொல் செக்ஷனின் ஓரக்குறிப்பில் இருக்கிறதே தவிர உள்ளே இல்லை என்று காரணம் காட்டிற்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை, பேச்சுச் சுதந்திரத்துக்கு விதித்த வரம்புகளிலிருந்து அந்தச் சொல்லை முன்ஷியின் திருத்தத்தின்பேரில் நீக்கிற்று. ஆனால் செக்ஷன் நீங்கவில்லை. 1962-ல் கேதார்நாத் ஸிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொதுக் குழப்பத்தையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று எல்லை வகுத்தது. 2022 மே மாதத்தில் அதே கோர்ட்டு செக்ஷனை நிறுத்திவைத்தது.

புதிய கோடின் 152-வது செக்ஷன் என்ன சொல்கிறது? சர்க்காரின் மீது வெறுப்பு, அன்பின்மை என்ற பழைய பேச்சு அதில் இல்லை. இது வரவேற்கத் தக்கது. சட்டபூர்வமான வழியில் மாறுதலை நாடிச் சர்க்காரைக் கண்டிப்பது குற்றமல்ல என்ற விளக்கமும் இருக்கிறது. ஆனால் செடிஷன் போன வாசலில் அதன் ஒன்றுவிட்ட சகோதரியான ஸெஸெஷன் வந்து நிற்கிறாள். நாட்டைத் துண்டாடத் தூண்டுவதைத் தண்டிக்கட்டும். எந்தச் சர்க்காரும் அதைச் செய்யும். பிரிவினைச் செயல்களுக்குரிய ‘உணர்ச்சிகளை’ ஊக்குவிப்பதும் குற்றம் என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் நமக்குக் கவலை அளிக்கிறது. ஆயுளளவு சிறைக்கு இடமுள்ள ஒரு செக்ஷனில் உணர்ச்சியை அளப்பது யார், எந்தப் படியால்? 1898-ம் வருஷத்துத் திருத்தத்தில் உட்கார்ந்திருந்த அதே சொல் இது. ஸ்டிரேச்சிக்குப் பின்வந்த ஒருவர் அதற்கு என்ன வியாக்கியானம் செய்வார் என்று யார் உறுதி கூற முடியும்?

சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் வேலை. தமிழைத் திருத்திக்கொள்வது நமது வேலை. பத்திரிகை எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் ஒரு விரதம் பூணவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நாட்டை எதிரியிடம் ஒப்படைப்பவன் தேசத்துரோகி. அச்சொல்லை அவனுக்கே ஒதுக்கிவையுங்கள். குழப்பத்தைத் தூண்டியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டவனைக் கலகத்தூண்டல் வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்று எழுதுங்கள். மந்திரியின் செய்கையைக் கண்டித்தவனைக் கண்டித்தவன் என்று மட்டும் எழுதுங்கள். தீர்ப்புக்கு முன்னே கொட்டை எழுத்தில் துரோகி என்று தலைப்பிடும் பத்திரிகை, ஜட்ஜின் நாற்காலியில் தான் உட்கார்ந்துவிடுகிறது.

பிரஜையிடமிருந்து ராஜ்யம் கேட்க உரிமையுள்ளது ஒன்றே: சட்டத்துக்கு உண்மையாயிருத்தல். லாயல் என்ற சொல்லின் ஆதிப் பொருளும் அதுவே. அந்தச் சட்டத்துக்கு ராஜ்யமும் உண்மையாயிருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கப் பிரஜைக்கும் உரிமை உண்டு. பக்தியைக் கோவிலுக்கு வைத்துக்கொள்வோம். அன்பை, சம்பாதித்துக்கொள்ளும் சர்க்காருக்குத் தருவோம்.