ஓசோன் எண்ணெயும் நமது சேற்றுப்புண்ணும்

மழை பிடித்துவிட்டால் தேயிலை மலையில் கால் காய்வதே இல்லை. காலையில் பிரட்டுக்குப் போகும்போது நனைந்த கால், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போதும் ஈரமாகவே இருக்கிறது. விரலிடுக்குகள் வெள்ளையாய் ஊறி வெடிக்கின்றன. அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணாகிறது. மண்சரிவால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து, பாடசாலை மண்டபத்திலோ உறவினர் லயத்திலோ ஒதுங்கியிருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். ஒரே பாய், ஒரே துவாய், பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தார் அண்மையில் ஒரு சிறு போத்தலை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார்கள். ஓசோன் ஏற்றிய எண்ணெயாம். எந்தப் புண்ணும் ஆறுமாம், சீனி வருத்தக்காரரின் கால் புண்ணும் ஆறுமாம். வாங்கலாமா என்பது அவர்களுடைய கேள்வி.

இதை முழு ஏமாற்று என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. ஓசோன் என்பது மின்னல் வெட்டிய பின் காற்றில் நெடியடிக்கும் அதே வாயுதான். அதைச் சூரியகாந்தி எண்ணெய், ஒலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் பல மணி நேரம் குமிழியிடச் செய்தால், எண்ணெயிலுள்ள இரட்டைப் பிணைப்புகளோடு அது சேர்ந்துகொள்கிறது. எண்ணெய் தடித்து, களிம்பு போலாகிறது. ஈரமான புண்ணில் பூசும்போது, அதிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்படும் பொருட்கள் பற்றீரியாவையும் பூஞ்சணத்தையும் கொல்கின்றன. அமெரிக்காவின் வர்த்தகத் தடையால் மருந்துக்குத் திண்டாடிய கியூபா, சூரியகாந்தி எண்ணெயிலிருந்து 'ஒலியோசோன்' என்ற மருந்தைச் செய்தது. சேற்றுப்புண் உள்ள 200 பேரிடம் அங்கே நடந்த சோதனையின் முடிவு 2002இல் வெளியானது. ஒலியோசோன் பூசியவர்களில் நூற்றுக்கு 75 பேரும், கீற்றோகோனசோல் களிம்பு பூசியவர்களில் நூற்றுக்கு 81 பேரும் முற்றாகக் குணமானார்கள். 2022இல் நமது நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் மருந்து இல்லாமல் போனதை நினைத்தால், கியூபாக்காரரின் முயற்சியைக் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அந்தச் சோதனை விரலிடுக்குப் பூஞ்சணத்துக்குத்தான். எல்லாப் புண்ணுக்கும் அல்ல. அதோடு, அவர்கள் பூசியது அளந்து செய்த மருந்து. நம் வீடு தேடி வந்த போத்தலில் எவ்வளவு ஓசோன் ஏறியிருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. அளவு சும்மா விஷயமல்ல. எலிகளில் நல்லெண்ணெயை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், நடுத்தரமாக ஏற்றிய எண்ணெய்தான் காயத்தை விரைவாக மூடியது; குறைத்து ஏற்றியதும் கூட்டி ஏற்றியதும் அப்படிச் செய்யவில்லை. இன்னொன்று: எங்களிடம் காட்டிய போத்தலில் இருந்தது தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் நூற்றுக்கு 90 பங்களவு நிறைவுற்றது. அதில் ஓசோன் பிடித்து நிற்க இரட்டைப் பிணைப்பு மிகச் சொற்பம். தலைக்கு வைக்க நல்ல எண்ணெய்தான், அதற்கு இந்த விலை எதற்கு? வீட்டிலேயே இயந்திரம் வைத்துச் செய்வோம் என்று யாரும் புறப்படவும் வேண்டாம். அந்த வாயு நெஞ்சுக்கு நஞ்சு.

எங்களுக்கு உண்மையில் பயம் தருவது காசு போவதல்ல, நாள் போவதுதான். சீனி வருத்தக்காரரின் காலில் வலி தெரியாது. எண்ணெய் பூசிப் பூசி ஒரு கிழமை காத்திருந்தால் விரலே போய்விடலாம். முள்ளோ தகரமோ ஆழமாகக் குத்தினால் ஏற்பு ஊசி வேண்டும். சொறி சிரங்கு சிறு பூச்சியால் வருவது; அதற்குரிய மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசவேண்டும். காலில் வெடிப்போடு வெள்ளத்திலும் வயலிலும் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதை எந்த எண்ணெயும் தடுக்காது.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவர் அதோடு நிற்கவில்லை. அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார். மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியமும் கொடுத்தார். நமது பிரசங்கங்களில் எண்ணெய் வரும் அளவுக்கு அந்தச் சாவடிக் கணக்கு வருவதில்லை.

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். தோட்ட டிஸ்பென்சரியில் பூஞ்சணக் களிம்பும் சிரங்கு மருந்தும் இருக்கவேண்டும். மலையில் நிற்பவருக்குச் சப்பாத்து வேண்டும். தங்கியிருக்கும் இடத்தில் கால் கழுவித் துடைத்துக் காயவைக்கத் தண்ணீரும் இடமும் வேண்டும். நமது பல்கலைக்கழகங்கள் நல்லெண்ணெயில் ஓசோனை அளந்து ஏற்றிச் சோதித்துத் தந்தால், அதையும் நாம் மகிழ்ச்சியோடு பூசிக்கொள்வோம். அதுவரை, வீங்கிச் சிவந்த காலையோ சீழ் வைத்த புண்ணையோ கண்டால் போத்தலைத் தேடாமல், அன்றைக்கே டிஸ்பென்சரிக்கோ டிக்கோயா, நுவரெலியா ஆஸ்பத்திரிகளுக்கோ கூட்டிப் போங்கள். ஆட்டோவுக்குக் காசில்லை என்றால் அந்தப் போத்தலின் விலையே போதும்.